நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் வேலை நடந்துவிடுமா?

(தகவல் தொழில்நுட்ப அணியின் வாராந்திர இணைய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன வாரம் நம்ம மாவட்டக் குழு ஒன்றில் ஒரு மீம் வந்தது. டிரம்ப் கையில் பிரம்போடு நிற்கிறார். எதிரே அரசு ஊழியர்கள் லுங்கியோடு, கையில் லேப்டாப்போடு வரிசையில் நிற்கிறார்கள். அடியில் 'இங்கேயும் இப்படி ஒருத்தர் வரணும்' என்று எழுதியிருந்தது. ஏகப்பட்ட பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாங்க. போட்டது எதிர்முகாம் ஆளுங்க இல்லை, நம்ம ஆளுங்கதான். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருது என்று எனக்கும் தெரியும். சாதிச் சான்றிதழுக்கு, பட்டா மாறுதலுக்கு, முதியோர் உதவித்தொகைக்கு நாலு தடவை அலைஞ்ச குடும்பம்தான் நம்ம எல்லாருடையதும். "சார் இப்பதான் வெளியே போனாரு" என்ற பதிலைக் கேட்காத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? அலுவலகத்திலேயே சீட்டில் இல்லாதவர், வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பாரா என்று கேட்கத் தோன்றுவது நியாயம்தான். ஆனா அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் அமெரிக்காவில் நடந்ததற்குக் கைதட்டினால், நாம் எதற்குக் கைதட்டுகிறோம் என்று ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

நடந்தது என்ன என்று முதலில் சொல்லிடறேன்.

2025 ஜனவரி 20, டிரம்ப் இரண்டாவது முறை பதவியேற்ற நாள். அன்றைக்கே கையெழுத்தான உத்தரவுகளில் இதுவும் ஒன்று. படித்தால் ஆச்சரியப்படுவீங்க, கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்தான். எல்லாத் துறைத் தலைவர்களும் முடிந்தவரை சீக்கிரம் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு, ஊழியர்களை முழுநேரமும் நேரில் வரவைக்க வேண்டும். தேவையான விலக்குகளைத் துறைத் தலைவரே முடிவு செய்யலாம். அவ்வளவுதான். கலந்துபேசுவது, கால அவகாசம், கட்டடத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, எதுவும் அதில் கிடையாது.

இந்த வசதி கொரோனா காலத்தில் வந்ததுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. இல்லை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் 1997-லேயே வணிகச் சின்னங்களைப் பரிசோதிக்கிற 18 வழக்கறிஞர்களை வைத்துச் சோதனையாக ஆரம்பித்தாங்க. 2010 பிப்ரவரியில் வாஷிங்டனில் கடும் பனிப்புயல் வந்து அரசு அலுவலகங்கள் நான்கு நாள் மூடிக் கிடந்தன. வீட்டிலிருந்தே வேலை செய்ய ஏற்பாடு இருந்த இடங்களில் மட்டும் வேலை ஓடியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். யார் யார் வீட்டிலிருந்து வேலை செய்யத் தகுதியானவர் என்று ஒவ்வொரு துறையும் முடிவு செய்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றது அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. தகுதி இருக்கிறது என்பதால் உரிமை இருக்கிறது என்று ஆகிவிடாது. கொடுப்பதும் எடுப்பதும் நிர்வாகத்தின் கையில்தான். இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரப்போறேன்.

இப்ப அந்த லுங்கி மீமுக்கு வருவோம். அமெரிக்க அரசு ஊழியர் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தாங்களா?

வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் 2024 ஆகஸ்டில் கணக்குக் கொடுத்தது. ராணுவத்தினர் நீங்கலாக ஊழியர்கள் சுமார் 22.8 லட்சம் பேர். இதில் 54 விழுக்காட்டினருக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது. மருத்துவமனையில் செவிலியர், விமான நிலையத்தில் சோதனை செய்பவர், எல்லைக் காவலர், காட்டில் தீயணைப்பவர். மீதி 46 விழுக்காட்டினருக்குத்தான் தகுதி. அவர்களும் தங்கள் வேலை நேரத்தில் 61 விழுக்காட்டை நேரில் வந்துதான் செலவழித்தார்கள். நிரந்தரமாகத் தொலைவிலிருந்தே வேலை பார்க்க நியமிக்கப்பட்டவர்கள் பத்தில் ஒருவர். அவர்களைத் தவிர்த்துவிட்டு மொத்த ஊழியர்களையும் சேர்த்தால், வேலை நேரத்தில் 79.4 விழுக்காடு நேரில்தான் நடந்தது.

அப்புறம் அந்த '6 விழுக்காட்டினர்தான் ஆபீசுக்கு முழுசா வர்றாங்க' என்ற எண் எங்கிருந்து வந்தது? இது நம்ம அணிக்கு ரொம்ப முக்கியமான கதை. ஒரு செய்தித் தளம் தன் வாசகர்களிடம் இணையத்தில் ஒரு கருத்துக்கேட்பு நடத்தியது. விருப்பப்பட்டவர் வந்து பதில் சொல்லலாம், அவ்வளவுதான். அறிவியல் முறைப்படி எடுத்த மாதிரி இல்லை. அதில் வந்த 6-ஐ எடுத்து, குடியரசுக் கட்சி செனட்டர் ஜோனி எர்ன்ஸ்ட் 2024 டிசம்பர் அறிக்கையில் எல்லா அரசு ஊழியருக்குமான கணக்கு மாதிரிப் போட்டார். அங்கிருந்து மேலே போய், நாட்டின் தலைவர் வாயில் வந்து, கடைசியில் நம்ம மாவட்டக் குழுவில் மீமாக இறங்கியிருக்கிறது. 79.4 என்பது அரசே வெளியிட்ட எண், அது யாருக்கும் தெரியாது. 6 எல்லாருக்கும் தெரியும். எதிரணி இப்படி ஒரு எண்ணை எடுத்துவிட்டால் ராத்திரி பூரா உட்கார்ந்து மூலத்தைத் தேடுவோம். சிரிப்பு வந்தால் மட்டும் தேட மாட்டோமா?

சரி, மறுபக்கமும் பார்த்துடலாம். நேரில் வரச் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் ஜி.ஏ.ஓ. 2023 ஜூலையில் சொன்னது: 24 பெரிய துறைகளில் 17 துறைகள் தங்கள் தலைமை அலுவலகக் கட்டடத்தில் கால்வாசியோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்தின. அந்த அரசு அலுவலகக் கட்டடங்களை ஓட்டவும் பராமரிக்கவும் ஆண்டுக்கு சுமார் 200 கோடி டாலர் போகிறது. வரிப்பணம். அதே ஆண்டு ஜனவரியில், வாஷிங்டன் மேயர் மியூரியல் பௌசர் (இவர் ஜனநாயகக் கட்சி, டிரம்ப் ஆள் இல்லை) ஒன்று ஊழியர்களைத் திரும்ப அழைத்து வாங்க, இல்லைன்னா கட்டடங்களை எங்களிடம் விடுங்க, வீடாக மாற்றிக்கொள்கிறோம் என்று பைடன் அரசிடம் கேட்டார். அலுவலகம் காலியானால் பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடை, சலவைக் கடை எல்லாம் படுத்துவிடும். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற வாய்ப்பும் குறையும். முதல் வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, பக்கத்து சீட் அண்ணன் திரையை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஆகவே வாரம் மூணு நாள் வாங்க, இந்தப் பிரிவு முழுசா வரணும், அந்தப் பிரிவுக்குத் தேவையில்லை என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பைடன் காலத்திலேயே 2023-ல் அந்த வேலை ஆரம்பிச்சாச்சு.

வீட்டில் இருந்தால் வேலை கெட்டுப்போகும் என்கிற வாதத்துக்கு ஒரு விஷயம் மட்டும். ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் கூட்டாளிகளும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலைத்தரமும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதாவது, வீட்டிலிருந்து வேலை கொடுத்தால் ஆட்கள் தங்குகிறார்கள்.

இப்ப இதை அப்படியே திருப்பிப் போடுங்க. ஆட்கள் தங்கக் கூடாது, போகணும் என்று நினைக்கிறவர் என்ன செய்வார்?

நான் கற்பனை பண்ணிச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் சேர்ந்து வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். (ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டுக்காரர்கள், வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். அதனால் நமக்குப் பெருமை என்று ஒரு மீம் அப்பவே ஓடியது, அதை விடுங்க.) வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்று சொன்னால் ஏராளமானோர் தாங்களாகவே வேலையை விட்டுப் போவார்கள், அதை வரவேற்கிறோம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். இப்ப பட்ஜெட் அலுவலகத் தலைவராக இருக்கிற ரஸ்ஸல் வோட் அதற்கு முன்பே ஒரு உரையில், அரசு அதிகாரிகள் மனசளவில் அடிபடணும், காலையில் எழுந்தால் வேலைக்குப் போகவே பிடிக்காத நிலை வரணும் என்று பேசியிருந்தார்.

ஆக, வேலை நன்றாக நடக்க வேண்டும் என்பதற்காக நேரில் கூப்பிடவில்லை. வர முடியாதவர் போய்விடட்டும் என்பதற்காகத்தான் கூப்பிட்டார்கள். வேலைநீக்கம் செய்தால் காரணம் சொல்லணும், விசாரணை வைக்கணும், நீதிமன்றம் கேள்வி கேட்கும். தானே போய்விட்டால் ஒன்றுமில்லை. உத்தரவு வந்து எட்டாவது நாள், ஜனவரி 28, லட்சக்கணக்கான ஊழியருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. இப்பவே ராஜினாமா செய்வதாகச் சொல்லுங்க, செப்டம்பர் 30 வரை சம்பளம் வரும், நேரில் வரவும் வேண்டாம். முதல் சுற்றில் சுமார் 75,000 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பின்னால் துறை துறையாகத் திரும்பத் திரும்பக் கேட்டதையும் சேர்த்தால் 1,50,000-க்கு மேல். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் சோம்பேறி என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் வேலையே பார்க்காமல் வீட்டில் உட்காரச் சம்பளம் கொடுத்தது அதே அரசாங்கம்தான். மீம் போடணும்னா இதுக்குப் போட்டிருக்கணும்.

போனவர் போக, வந்தவர் கதி என்ன? மேரிலாந்தில் வொயிட் ஓக் என்ற இடத்தில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. நீங்க முழுங்குகிற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்குப் போகலாமா என்று முடிவு செய்கிற இடம். 2025 மார்ச்சில் எல்லாரும் ஒரே நாளில் வந்தபோது வாசலில் வண்டி வரிசை, உள்ளே நிறுத்த இடமில்லை, வந்தவருக்கு உட்கார மேசை இல்லை. பல துறைகளில் இதே கதைதான். தொலைவுப் பணியாளர்களுக்கு அவர்கள் அலுவலகம் எங்கே இருக்கு என்றே தெரியாது, ஏன்னா அப்படி ஒரு அலுவலகமே ஒதுக்கியிருக்கவில்லை. 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஏதாவது ஒரு அரசுக் கட்டடத்தைக் காட்டி அங்கே போய் உட்காரு என்றார்கள். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் தாண்டுகிற தூரம். அங்கே போனால் கூட வேலை செய்பவர் யாரும் இருக்க மாட்டார். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து பேசிய அதே ஆட்களோடு அதே வீடியோ கூட்டம்.

இது நம்ம ஓ.எம்.ஆர். தோழர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், புனே ஆளோடும் டெக்சாஸ் ஆளோடும் கண்ணாடித் தடுப்புக்குள் வீடியோவில் பேசிவிட்டுத் திரும்ப ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு வருகிறோமே, அதேதான்.

என்னை ரொம்பவே உலுக்கியது முன்னாள் படைவீரர் நலத்துறை. போரில் இருந்து திரும்பி, தூக்கம் வராமல், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்குத் தொலைபேசியிலும் வீடியோவிலும் மனநல ஆலோசனை கொடுக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். நாட்டின் ஏதோ ஒரு மூலைக் கிராமத்தில் இருக்கிற நோயாளிக்கு இப்படித்தான் மருத்துவர் கிடைப்பார். அந்த ஆலோசகர்களையும் அலுவலகத்துக்கு வா என்றார்கள். தனி அறை போதவில்லை. திறந்த கூடத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் தன் வாழ்க்கையின் ரொம்ப மோசமான இரவைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டிய நிலை வரும் என்று அவர்களே குரல் எழுப்பினார்கள். நோயாளிக்கு இது தெரிந்தால் வாயைத் திறப்பாரா? ராணுவத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ஒரு அரசு செய்த காரியம் இது.

இன்னொரு வேடிக்கை. எல்லாரும் கட்டடத்துக்கு வாங்க என்று சொன்ன அதே நேரத்தில், அரசுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜி.எஸ்.ஏ. மார்ச் 4 அன்று 443 கட்டடங்கள் தேவையில்லை, கைகழுவலாம் என்று பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் ஜி.எஸ்.ஏ.வின் சொந்தத் தலைமை அலுவலகமும் இருந்தது! அன்றைக்கே பட்டியல் 320 ஆகச் சுருங்கியது, பிறகு மொத்தமாக இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, சங்கங்கள் என்ன செய்தன என்று கேட்பீங்க. சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்று ஒன்று உண்டு, முதியோர் ஓய்வூதியம் கொடுக்கிற துறை. அங்கே ஊழியர் சங்கம் புத்திசாலித்தனமாக, ஆட்சி மாறுவதற்கு முன்பே, சுமார் 42,000 ஊழியர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடு 2029 அக்டோபர் வரை தொடரும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. டிரம்ப் கொதித்தார். ஜனவரி 31 அன்று, பழைய ஆட்சியின் கடைசி 30 நாளில் போட்ட சங்க ஒப்பந்தங்கள் செல்லாது என்று ஒரு உத்தரவு. மார்ச் 27 அன்று இன்னொன்று: தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பல பெரிய துறைகளில் சங்கத்தோடு பேரம் பேசும் கடமையையே எடுத்துவிட்டார்கள். எங்கே உட்கார்ந்து வேலை செய்வது என்பதில் தொடங்கியது, சங்கமே வேண்டாம் என்பதில் போய் நின்றது. கனடாவில் 2023 ஏப்ரலில் சுமார் 1,55,000 மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்து வீட்டிலிருந்து வேலை என்பதும் மேசையில் வைத்துப் பேசப்பட்டது. அங்கேயும் முழு உரிமை கிடைக்கவில்லை, ஆனால் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அந்த மேசையைத்தான் முதலில் தூக்கிப் போட்டார்கள்.

'அரசு ஊழியருக்கு நல்லா வேணும்' என்ற சிரிப்பு நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1,70,000 பேரை அன்றைய அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. எனக்கு விவரம் தெரியாத வயசு. ஆனால் அப்பவும் 'நல்லா வேணும்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள் என்று நம்ம மூத்த தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை அரசு ஊழியருக்கு இல்லை என்று சொன்னது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் திரும்ப உள்ளே போக வேண்டியிருந்தது. அன்றைக்கு அரசு ஊழியருக்கு எதிராகச் சொன்ன அந்தத் தீர்ப்பை, அதற்குப் பிறகு எத்தனை போராட்டங்களில் எடுத்து வீசினார்கள் என்று கணக்குப் பாருங்க.

ஒருத்தர் நேற்று என்னிடம் கேட்டார்: "அப்ப நம்ம தாலுகா ஆபீஸ்காரங்களையும் வீட்டுக்கு அனுப்பிடலாமா தம்பி?" இல்லைங்கண்ணே. கிராம நிர்வாக அலுவலர் கிராமத்தில்தான் இருக்கணும், மனு கொடுக்க வரும் பாட்டி ஆளைப் பார்த்துப் பேசணும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வேலைக்கு ஆள் நேரில் தேவை என்பதை வேலைதான் சொல்லணும். அமெரிக்காவில் அந்த 54 விழுக்காட்டினர் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள், எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. பாட்டியின் மனு ஆறு மாதம் தூங்குவதற்கு எதிராகக் காலக்கெடு கேளுங்க, சேவை உரிமைச் சட்டம் கேளுங்க, காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லுங்க. அதற்கெல்லாம் நானும் கூட வந்து நிற்கிறேன்.

கடைசியாக, முன்னாடி சொன்ன அந்த ஓட்டை. தகுதி உண்டு, உரிமை இல்லை. நம்ம நாட்டிலும் அதே ஓட்டைதான். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார விடுப்பு கொடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், அந்தத் தாய் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் அதில் இருந்தது. ஆனால் எப்படி? முதலாளியும் அவரும் 'பரஸ்பரம் ஒத்துக்கொள்ளும்' நிபந்தனைகளின்படி. முதலாளி ஒத்துக்கலைன்னா? சட்டம் அதோடு நின்றுவிட்டது.

இதைப் படிச்சு முடிச்சதும் இரண்டு வேலை செய்யுங்க. ஒன்று, அந்த மீமைப் போட்ட தோழர் அதை எடுத்துவிடட்டும், அதே இடத்தில் 79.4 என்ற எண்ணைப் போடட்டும். இரண்டாவது, தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவங்க உங்க நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, 'பணியிடம்' என்று இருக்கிற வரியைப் படிங்க. நான் நேற்று ராத்திரி என்னோடதை எடுத்துப் பார்த்தேன். 'நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும் இடம்' என்று போட்டிருக்கு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.